சொல்லிவிட்டு வந்த வீடு

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு மனாமாவின் பழைய கடைத்தெரு முனையில் வல்லரசு வேனிலிருந்து இறங்கினான். பஹ்ரைனில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன், அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது அன்றைக்குத்தான். அதுவும் ஊருக்குத் திரும்புகிற நாளில். கேட்டால் சிரிப்பீர்கள். விடிந்தால் சைட், பொழுது போனால் கேம்ப். ஏசி குழாய் மாட்டுகிற வேலை. இருபதாவது மாடி ஜன்னல் வழியாகத் தெரிந்த கூரைகளும் ஒரு துண்டு கடலும்தான் அவன் பார்த்த பஹ்ரைன்.

வேன் ஓட்டுகிற அந்தோணிசாமி முண்டியம்பாக்கத்துக்காரர். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு வேப்பமரத்தைக் காட்டினார்.

"மூணு மணி. இதே மரம். உன் பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு அல்லாம் என் பையில இருக்குது. அஞ்சு நிமிசம் லேட்டானாலும் நின்னுகினு இருக்க மாட்டேன். இன்னும் ஆறு பேர ஏத்தணும்."

"ரெண்டரைக்கே வந்து நிப்பேண்ணா."

"இன்னியோட விசா முடியுதுப்பா உனக்கு. சுத்திப் பாக்கறேன்னு எங்கனா போய் மாட்டிக்காத, பேஜாராயிடும்."

வேன் போய்விட்டது. வல்லரசு போனை எடுத்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டான்.

இந்தச் சுற்றலுக்கே காரணம் அவன் மகள் அஸ்வினிதான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவளுக்கு ஐந்து வயசு. இப்போது எட்டு. போன வாரம் போனில் கேட்டாள், "நீ இருக்கற ஊரு எப்படிப்பா இருக்கும்?" என்று. "பெரிய ஊரும்மா" என்றான். "பெரிசுன்னா எப்படி?" என்றாள். மூன்று வருஷம் இருந்துவிட்டு, பெற்ற பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. கிளம்புவதற்குள் காட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

போனில் அவள் முகம் தெரிந்தது. காலாண்டு லீவு. ஒலக்கூர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டிருந்தாள்.

"வணக்கம்பா!"

அப்பாவுக்கே வணக்கம் சொல்கிற பிள்ளை. அப்படி வளர்த்திருந்தான். கையில் தூக்கி வளர்க்கக் கொடுத்து வைக்கவில்லை, மரியாதையையாவது போனில் ஊட்டுவோம் என்று. பெரியவங்களைப் பார்த்தால் வணக்கம் சொல்லணும். ஒருத்தர் வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போறேன்'னு சொல்லக் கூடாது, 'போய்ட்டு வர்றேன்'னு சொல்லணும். இதை அவள் எவ்வளவு பிடித்துக்கொண்டாள் என்றால், போனை வைக்கும்போதுகூட "போய்ட்டு வர்றேம்பா" என்பாள். "உக்காந்த எடத்துலேந்து எங்கடி போற?" என்று அவள் அம்மா கலைப்பிரியா கிண்டல் பண்ணுவாள்.

"தோ பாரு, இதான் அப்பா இருக்கற ஊரு" என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

தொழுகை முடிந்து எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்ட நேரம். கடைகள் நாலு மணிக்குத்தான் திறக்கும். துணிக்கடை, அத்தர் கடை, பாத்திரக்கடை எல்லாம் ஷட்டர் இழுத்துக் கிடந்தன. தகரத்தின் மேல் வெயில் பட்டுப் பட்டு, உள்ளேயிருந்து யாரோ விரலால் தட்டுவதுபோல் டிக் டிக் என்று ஒரு சத்தம். சாம்பிராணி வாசனையும் காய்ந்த மீன் வாசனையும் மாறி மாறி வந்தன. பூனைகளைக் காட்டினான். மரப் பலகணிகளைக் காட்டினான். "அதுக்குள்ள போப்பா, அந்தச் சின்ன தெருவுக்குள்ள" என்று அவள் சொல்லச் சொல்ல, திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தான்.

சந்து குறுகியது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். தலைக்கு மேலே ஏசி பெட்டிகள் வரிசையாக ஒழுகிக்கொண்டிருந்தன. ஆள் அரவமே இல்லை.

"தம்பி, திண்டிவனம் பக்கமா?"

குரல் இடது பக்கத்திலிருந்து வந்தது. பாதி திறந்த ஒரு நீலக் கதவு. வெளியே ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

வல்லரசுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, சந்தோஷத்தில். மூன்று வருஷமாக உடைந்த இந்தியும் அரைகுறை மலையாளமும் பேசிப் பேசி நாக்கு மரத்துப் போனவன் அவன். தெரியாத ஊரின் தெரியாத சந்தில், பேச்சை வைத்தே ஊரைச் சொல்கிற ஒருத்தர்!

"ஆமாங்க, ஒலக்கூரு. நீங்க?"

"நமக்குக் கண்டாச்சிபுரம். சீனுவாசன். வெயில்ல நிக்கறியே, உள்ள வா."

உள்ளே வெளிச்சம் கம்மி. ஆறு இரும்புக் கட்டில்கள். ஐந்தில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தது. கடைசிக் கட்டிலில், சுவரில் சாய்ந்துகொண்டு அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். இடுப்புக்குக் கீழே வெள்ளைப் போர்வை. தாடையிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். நெற்றியில் அகலமாகச் சந்தனம், நடுவில் ஏதோ பளபளத்தது. ஏசி ஓடவில்லை. ஆனாலும் அறை சில்லென்று இருந்தது. ஊதுபத்திப் புகை மண்டியிருந்தது. கட்டிலின் தலைமாட்டில், பட்டப்பகலில், ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்திமான் போலிருக்கிறது என்று வல்லரசு நினைத்துக்கொண்டான்.

"பல்லு வலியாண்ணா? கட்டு போட்டிருக்கீங்க?"

"பசங்க கட்டினாங்க" என்றார். வாயைத் திறக்காமல் பல்லுக்குள்ளேயே பேசினார். "எழுந்திருக்க முடியல, தப்பா நெனச்சுக்காத. உக்காரு."

"பசங்க எங்க?"

"பேப்பர் எழுதப் போயிருக்காங்க. என்னை ஊருக்கு அனுப்பற பேப்பர். அலையறாங்க பாவம்."

"அட, நீங்களும் ஊருக்குப் போறீங்களா? எனக்கு இன்னிக்கே ஃபிளைட்டு."

"குடுத்து வச்சவன்" என்றார். சொல்லிவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு இன்னும் பேப்பர் வரல."

கண்டாச்சிபுரம் சந்தையைப் பற்றிக் கேட்டார். இப்போதும் கூட்டம் வருதா என்றார். தன் மனைவி காந்திமதி மல்லாட்டை மூட்டையைத் தனி ஆளாகத் தூக்கி வண்டியில் போடுவாள் என்று பெருமைப்பட்டார். பேசும்போது அவர் நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை. வல்லரசு அதைக் கவனித்தது பிற்பாடு நினைத்துப் பார்த்தபோதுதான்.

"போன்ல யாரு, பொண்ணா? காமி."

"வணக்கம் மாமா" என்றாள் அஸ்வினி.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன் மாமா. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"என்னை யாரும் அப்படிக் கேக்கறதில்லம்மா" என்றார்.

மணி ஒன்றரை. வல்லரசு எழுந்தான்.

"சரிண்ணா, நேரமாவுது. போய்ட்டு வர்றேன். பாப்பா, மாமாகிட்ட சொல்லு."

"போய்ட்டு வர்றேன் மாமா!"

சீனுவாசன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாள்கணக்கில் பட்டினி கிடந்தவன் முன்னால் இலை போட்டால் வருமே, அந்த வெளிச்சம்.

"வாங்க" என்றார். "கண்டிப்பா வாங்க."

போன் கால் அறுந்து போயிற்று. கதவை இழுத்ததும் வெளிக்காற்று உள்ளே அடித்து, போர்வையின் நுனி விலகியது.

இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து, வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தது.

வல்லரசு எத்தனையோ சாவுக்குப் போனவன். பாடை தூக்கியவன். அந்தக் கட்டு எதற்கென்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாடைக்கட்டு. நெற்றியில் சந்தனத்தை அப்பி ஒட்டிய காசு. தலைமாட்டு விளக்கு. ஒவ்வொன்றாகப் புத்திக்கு எட்ட எட்ட, அவன் தானாகவே பின்வாங்கினான்.

ஓடினான்.

வலது, இடது, மறுபடி வலது. வந்த வழி எது என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. கடைத்தெரு வந்தால் போதும். மூச்சு இரைக்க ஒரு முனை திரும்பினான்.

நீலக் கதவு.

அதே செருப்பு. சுற்றி வந்துவிட்டோம் போலிருக்கிறது, பதற்றத்தில் இப்படித்தான் ஆகும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, இந்த முறை எதிர்ப்பக்கம் நடந்தான். நேராக. எந்தச் சந்திலும் திரும்பாமல் நேராக நடந்தான். நூறு அடி, இருநூறு அடி.

நீலக் கதவு.

இப்போது வாசலில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தது.

போனில் மேப்பைத் திறந்தான். அவன் இருக்கிற இடத்தைக் காட்டுகிற புள்ளி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தான். கால் நடந்தது, சுவர்கள் பின்னால் போயின, தலைக்கு மேலே ஏசி பெட்டிகள் கடந்து போயின. புள்ளி மட்டும் அசையவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அந்தோணிசாமிக்குப் போன் போட்டான்.

"கடல் காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் நட. அல்லா சந்தும் ரோட்டுக்குத்தான் வரும். இன்னா சின்னப் பையன் மாதிரி?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

காற்றே இல்லை. ஒரு ஷட்டரைக் கையால் அடித்தான். "யாராவது இருக்கீங்களா?" என்று தமிழில் கத்தினான், இந்தியில் கத்தினான். சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. ஒரு ஆள் செருமுவது கேட்டது. ஒரு சுவர், அவ்வளவுதான் தூரம். அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டே, கையை எடுக்காமல், குருடன்போல நடந்தான். சுவர் வளைந்தது. உள்ளங்கை ஒரு மரப் பலகையைத் தொட்டது. சில்லென்று இருந்தது.

கதவு.

சேர் இப்போது வாசலிலிருந்து உள்ளே போயிருந்தது. அவன் உட்காருவதற்குத் தோதாக, கட்டிலைப் பார்த்து.

"வந்துட்டியா" என்றது உள்ளிருந்து வந்த குரல். அன்பாகத்தான் கேட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

மணி இரண்டு பத்து. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. சாவதற்குக்கூட அவன் அவ்வளவு பயந்திருக்க மாட்டான். மூணு மணிக்கு அந்த மரத்தடியில் நிற்காவிட்டால் பாஸ்போர்ட் போச்சு, ஃபிளைட் போச்சு. இந்தச் சந்துக்குள்ளேயே வெயிலில் சுற்றிக்கொண்டு, ஒருநாள் ஏழாவது ஆளாக அந்த அறையில்... என்று நினைத்தவன், மேலே நினைக்காமல் மனைவிக்குப் போன் போட்டான்.

"இன்னாங்க, பாப்பா எதோ மாமாவப் பாத்தேன்னு சொல்லிகினு இருந்துச்சு..."

"கலை, நான் சொல்றத கேளு. குறுக்கப் பேசாத."

கட்டைவிரல் கட்டு வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னான். பிறகு கலைப்பிரியா உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. மெதுவான குரலில் கேட்டாள்.

"கெளம்பும்போது இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்லுவாங்க? போய்ட்டு வர்றேன்னு சொன்னேன்."

"அய்யய்யோ!" அவள் குரல் உடைந்தது. "சாவு வூட்ல போய் யாரானா அப்படிச் சொல்லுவாங்களா? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? சாவு வூட்லேந்து சொல்லாமதான எழுந்து வரணும்!"

"சாவு வூடுன்னு எனக்கு எப்படிடி தெரியும்? ஆளு உக்காந்துகினு பேசினாருடி!"

ஊரில் பச்சைப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். சாவு வீட்டுக்குப் போனால், வந்தேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்று சொல்வதும் இல்லை. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மறுபடி வருகிறேன் என்று அந்த வீட்டில் வாக்குக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

"வர்றேன்னு சொன்னீங்க, அதான் வரவழைக்குது" என்றாள் கலைப்பிரியா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கு இன்னா தெரியும், எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சொன்ன எடத்துலதான் அத இல்லன்னு ஆக்கணும். உள்ள போங்க. கொஞ்ச நேரம் உக்காருங்க, சாவுக்குப் போனா உக்காருவீங்களே அந்த மாதிரி. அப்பறம் எழுந்து வாங்க. ஒரு வார்த்த பேசக் கூடாது. அது இன்னா கேட்டாலும். திரும்பக் கூடாது."

"உள்ளயா? மறுபடியுமா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க!" என்று கத்தினாள். பிறகு, "பாப்பா காலண்டர்ல நாளு அடிச்சுகினு இருக்குதுங்க. வந்துடுங்க" என்றாள்.

போனைப் பையில் போட்டான். உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

சேரில் உட்கார்ந்தான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊதுபத்தி வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இப்போது தெரிந்தது. மூன்று நாள் தண்ணீரில் கிடந்த பூ மாலையின் வாசனை.

"வந்தியே, அது போதும்" என்றார் சீனுவாசன். "உன் பொண்ணு எந்த ஸ்கூலு தம்பி?"

வல்லரசு தரையைப் பார்த்தான்.

"பேச மாட்டியா?"

பேசவில்லை.

"வூட்ல சொல்லிக் குடுத்துட்டாங்களா."

நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் நூறு வரை எண்ணினான். எழுந்தான்.

"தம்பி." குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "தம்பி, சொல்லிட்டுப் போ. ஆறு பேரு இருந்த ரூமுப்பா இது. பேப்பர் எழுதப் போன அஞ்சு பேரும் ஒரு வார்த்த சொல்லாம பொட்டியயும் எடுத்துகினு போயிட்டாங்க. நாலு வருசம் ஒரே சட்டில சாப்ட்டவனுங்க. வர்றேன்னு ஒருத்தன் சொல்லல. இன்னா தப்பு பண்ணேன் நான்? ஒண்டியா இருக்கேன்பா. சொல்லிட்டுப் போயேன். ஒரே வார்த்த."

வல்லரசுக்குப் பயம் ஒரு பக்கம், பாவமாக இருந்தது ஒரு பக்கம். நம்ம ஊர்க்காரன், நம்ம பேச்சு பேசுகிறவன், இப்படிக் கெஞ்சுகிறானே. ஒருவர் அப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் போகிற பழக்கம் அவன் பரம்பரையிலேயே கிடையாது. தொண்டை வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

கட்டிய கால்களோடு ஒரு உடம்பு தரையில் இறங்கினால் எப்படிச் சத்தம் வருமோ, அந்தச் சத்தம்.

தொப்.

தொப்.

கழுத்துக்குப் பின்னால் சில்லென்று இருந்தது. மூச்சுக் காற்றாக இருந்தால் சூடாக இருந்திருக்கும். அவன் திரும்பவில்லை.

வாசற்படியைத் தாண்டினான். அப்போதுதான் பின்னால் கெஞ்சி அழுத குரல் நின்றது. சட்டென்று, குழந்தை கையில் மிட்டாய் கொடுத்தால் நிற்குமே, அப்படி.

"பரவால்ல" என்றது குரல், நிம்மதியாக. "பாப்பா நல்ல பொண்ணு. மரியாத தெரிஞ்ச பொண்ணு."

வெறுங்காலோடு ஓடினான். முதல் முனை திரும்பியதுமே ரோடு வந்துவிட்டது. பஸ்கள், கார்கள், ஜூஸ் கடை, மனிதர்கள். வேப்பமரத்தடியில் வேன் ஸ்டார்ட்டில் நின்றது. மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

"செருப்பு எங்கடா?" என்றார் அந்தோணிசாமி.

வல்லரசு வேனில் ஏறி உட்கார்ந்தான். பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, விமான நிலையம் வரும்வரை அதை விடவே இல்லை. பின்னால் கேட்ட அந்தக் கடைசிப் பேச்சு மண்டைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏதோ சொன்னான், போகட்டும் என்று தள்ளிவிட்டான். உயிரோடு வெளியே வந்த சந்தோஷத்தில் மனுஷனுக்கு வேறென்ன தோன்றும்?

சனிக்கிழமை விடிகாலை சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து, ஏழரைக்கெல்லாம் ஒலக்கூர் வந்துவிட்டான். கலைப்பிரியா வாசலிலேயே ஒரு குடம் தண்ணீரை அவன் தலையோடு ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டாள். சாவு வீட்டுக்குப் போய்வந்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அஸ்வினி கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். போனில் பார்த்த அப்பா இவ்வளவு உயரமாக இருப்பான் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு ஓடிவந்து அந்த ஈரச் சட்டையோடு கட்டிக்கொண்டாள். வல்லரசு அழுதான். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதான்.

அந்தச் சந்தைப் பற்றிப் பிள்ளை காதில் விழக் கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரி நல்ல மழை. ஓட்டின் மேல் விழுகிற மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, மகளை நடுவில் போட்டுக்கொண்டு, மூன்று வருஷத் தூக்கத்தைத் தூங்கினான்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் சேறு. கலைப்பிரியா தோசை மாவுப் பாக்கெட் வாங்கி வரச் சொன்னாள். வெள்ளையம்மாள் கடை தெரு முனையில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து ஐம்பது அடிகூட இருக்காது.

"போய்ட்டு வர்றேம்பா!" என்று சொல்லிவிட்டு அஸ்வினி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆனதும் வல்லரசு எழுந்து போனான்.

"பாப்பா வரலியே தம்பி" என்றாள் வெள்ளையம்மாள். "காத்தாலேந்து நான் பாக்கவே இல்ல. எப்ப அனுப்பின?"

அவன் கடைப் படியை விட்டு இறங்கினான். திரும்பிப் பார்த்தான். இப்போதுதான் நடந்து வந்த, ஈ காக்கைகூட இல்லாதிருந்த அதே தெருவில், அஸ்வினி வந்துகொண்டிருந்தாள்.

முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. ஊரே சேறாகக் கிடக்க, அவள் செருப்பில் மட்டும் காய்ந்த வெள்ளை மணல் பொடிப் பொடியாக ஒட்டியிருந்தது.

வல்லரசு ஓடிப்போய் அவள் முன்னால் சேற்றில் மண்டி போட்டான்.

"எங்கம்மா போன?"

"கடைக்குத்தாம்பா. முனை திரும்பினா நீ காமிச்ச ஊரு வந்துடுச்சு." அவள் கையால் விசிறிக்கொண்டாள். "பெரிய ஊருன்னு சொன்ன? எந்தப் பக்கம் போனாலும் அந்த நீலக் கதவுதாம்பா வருது."

"உள்ள போனியா?"

"மாமா கூப்ட்டாரு. எனக்குன்னு குட்டி சேர் போட்டு வச்சிருந்தாரு. பாவம்பா அந்த மாமா, ஒண்டியா இருக்காரு. அம்மா தேடுவாங்கன்னு சொன்னேன். சரி, போய்ட்டு வாம்மான்னாரு."

வல்லரசு அவள் இரண்டு தோளையும் பிடித்தான்.

"அதுக்கு நீ... நீ இன்னா சொன்ன பாப்பா?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல அஸ்வினி அவனைப் பார்த்தாள்.

"நீதானப்பா சொல்லிக் குடுத்த" என்றாள்.